ஏழாவது வண்டி

நாம் காலையில் கூடும் பூங்காவில் ஆறு பெஞ்சுகள். அதில் நான்கில் நம் வயதுக்காரர்கள். ஒரு சுற்று நடந்து முடித்ததும் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் மறதியில் வந்து நிற்கிறது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடினேன் என்கிறார் ஒருவர். சம்பந்தியின் பெயர் வாய்க்கு வரவில்லை என்கிறார் இன்னொருவர். எல்லோரும் சிரிக்கிறீர்கள். நான் சிரிப்பதில்லை. இந்த ஆளுக்கு எப்போதும் ஒரு சிடுசிடுப்பு என்று நீங்கள் பேசிக்கொள்வதும் எனக்குத் தெரியும்.

நண்பர்களே, உங்களுக்கு வந்திருப்பது வயசு மறதி. எழுபது, எழுபத்தைந்து வரைக்கும் உங்கள் ஞாபகத்தை முழுசாக அனுபவித்துவிட்டு இப்போது சில்லறை சில்லறையாகத் திருப்பிக் கொடுக்கிறீர்கள். என்னுடையது பதினைந்து வயதில் போனது. தானாகப் போகவில்லை. ஒருவர் எடுத்துக்கொண்டு போனார். அவர் என் தாய்மாமன். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் யாராவது இரக்கப்பட்டு அவருக்காக ஒரு விளக்கு ஏற்றிவிடுவீர்கள். அது அவருக்குக் கிடைக்கக் கூடாது.

சண்டைக் காலம் அது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்து ஜனங்கள் பெட்டி படுக்கையோடு நம் பக்கம் வந்து குவிந்தார்கள். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காரர்கள் முள்கம்பி போட்டு நிலத்தை வளைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில். ஏரிக்கரை நெடுக நூற்றுப் பன்னிரண்டு பனை. கள் இறக்கும் மரங்களுக்கு மட்டும் சர்க்கார் ஆள் வந்து நம்பர் போட்டுவிட்டுப் போவான். அப்படி நம்பர் போட்டவை நாற்பத்தொன்று. எந்த நம்பர் எந்த மரம், எது சாய்வு, எதில் எத்தனை பாளை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். யாரும் என்னை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. பார்த்தால் பதிந்துவிடும். அப்படி ஒரு தலை எனக்கு இருந்தது. இப்போது இதை எழுதும்போது வேறு யாருடைய தலையைப் பற்றியோ எழுதுவது போல இருக்கிறது.

அப்பா நான் சின்ன வகுப்பில் இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். நிலத்தை அம்மாவின் தம்பி பார்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு முப்பது வயதிருக்கும். காதில் சிவப்புக் கல் கடுக்கன், கணீரென்ற குரல், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. நான் அவர் தோளில் வளர்ந்தவன். அதையும் சொல்லிவிடுகிறேன். பாசமில்லாத மனிதராக இருந்திருந்தால் அவரால் என்னை இவ்வளவு கெடுத்திருக்க முடியாது.

பூந்தமல்லிப் பள்ளிக்கூடத்தில் நான் கடைசி வகுப்பு. பங்குனியில் பள்ளி இறுதிப் பரீட்சை. அதில் நல்ல மார்க்கு வாங்கினால் பட்டணத்தில் காலேஜ் என்று கணக்கு வாத்தியார் முடிவு செய்திருந்தார். சோறும் தங்க இடமும் இலவசமாகத் தரும் ஒரு விடுதியில் எனக்காகப் பேசியும் வைத்திருந்தார். ஒரே ஓர் இடம். இந்த வருஷம் தவறினால் அது வேறு பையனுக்குப் போய்விடும். ஊரில் அதுவரை ஒருவரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை.

தை பிறந்ததும் ராப்பகலாகப் படிக்க ஆரம்பித்தேன். ஒருநாள் பூகோளப் புத்தகத்தின் மேல் என் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. மூன்று சொட்டு. அம்மா பயந்து போனாள்.

"தம்பி, புள்ளைக்குப் படிச்சிப் படிச்சித் தலை கொதிக்குது. வெடிகால மரத்தாண்ட இட்டுகினு போய்ப் பதநீ வாங்கிக் குடு. சூடு தணியும்."

படிப்பு மூளையைக் காய்ச்சும், பனை அதைக் குளிர வைக்கும். எங்கள் ஊரில் இதைச் சந்தேகப்பட்டவர் ஒருவரும் இல்லை. அம்மா சொன்னது பதநீர்தான். பானையின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் இறங்குவது பதநீர், இனிப்பு. தடவாமல் கட்டினால் அதே பாளை, அதே சாறு, பொங்கிப் புளித்துக் கள்ளாக இறங்கும். ஒரு விரல் சுண்ணாம்புதான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

முதல் வாரம் பதநீரே குடித்தேன். பச்சை ஓலையைக் குவித்துப் பட்டை பிடித்து, அதில் மரமேறி ஊற்றுவார். ஓலை வாசமும் சுண்ணாம்பின் மெல்லிய காரமும் கலந்த அந்த இனிப்பு, குளிர்ந்த காலையில் தொண்டையில் இறங்குவது இன்னும் எனக்குத் தெரிகிறது. அது மட்டும் தொலையவில்லை, பாருங்கள். எது போக வேண்டும், எது இருக்க வேண்டும் என்று யாரும் நம்மைக் கேட்பதில்லை.

ஒரு காலை, மரமேறிக்கு எந்த மரத்தில் பானை மாற்றினோம் என்பதில் குழப்பம். நான் பட்டையை வாயிலிருந்து எடுக்காமலேயே சொன்னேன். "பதினாலு, பத்தொம்பது, இருவத்தாறு. முப்பத்தி மூணுல நேத்தே மாத்திட்டீங்க." மரமேறி போய்ப் பார்த்துவிட்டு வந்து மாமாவிடம் தலையாட்டினார். மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார்.

"அடேங்கப்பா! இன்னா மண்டைடா இது! இத்த இங்க வெச்சிகினு நாலு பேருக்குக் காட்டாம கீறோமே!"

அடுத்த சந்தை நாள் மத்தியானம் என்னைக் கள்ளுக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பூந்தமல்லி ரோட்டோரம் நீளமான கீற்றுக் கொட்டகை அது. ஈர மணல் தரை. கூரையைத் தாங்கப் பதினேழு கால்கள். புளித்த வாடை கண்ணைக் கரிக்கும். நுரையில் விழுந்து செத்த தேனீயை விரலால் எடுத்து எறிந்துவிட்டுக் குடிப்பார்கள். ஒரு மூலையில் அவித்த மொச்சையும் சுட்ட கருவாடும். பட்டணத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் மாட்டுவண்டிகள் அங்கே அவிழ்த்துப் போட்டு, வெயில் தாழ்ந்ததும் கிளம்பும்.

மாமா நடுவில் நின்று கையைத் தட்டினார்.

"இத்தினி வண்டி நிக்குதே, ஒவ்வொருத்தனும் ஒங்க ஊரு, ஏத்தின சரக்கு, மாட்டோட நெறம், மூணையும் ஒரே ஒரு தபா சொல்லுங்க. எங்க மருமவன் முதுகக் காட்டி நின்னுகினு அத்தினியும் ஒப்பிப்பான். பந்தயம்!"

அந்தக் கடையில் பந்தயத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. ஜெயித்தவன்தான் முதலில் குடிக்க வேண்டும். கள் நிறைந்த மண் மொந்தையை உதட்டிலிருந்து எடுக்காமல் ஒரே மூச்சில் குடித்து, கவிழ்த்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஜெயித்த பக்கத்து ஆட்களுக்கு ஊற்றுவார்கள். அவன் குடிக்காவிட்டால் பந்தயமே செல்லாது. நான்கு வண்டிக்கு ஒரு மொந்தை என்று கணக்கு.

அன்று பன்னிரண்டு வண்டி. நான் கம்பத்தைப் பார்த்து நின்று கேட்டேன். பிறகு முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். கடைசியிலிருந்து முதல் வரையும் சொன்னேன். கொட்டகை அதிர்ந்தது. மூன்று மொந்தைகளை வரிசையாக என் முன் வைத்தார்கள். ஒவ்வொன்றும் என் தலையளவு.

"மாமா, அம்மா பதநீதானே சொல்லிச்சி?"

"ரெண்டும் ஒரே மரம்டா. அது கொயந்தைக்கு, இது ஆம்பளைக்கு. குடி. எல்லாரும் நாக்கு வறண்டு காத்துகினு கீறாங்கோ."

குடித்தேன். முதல் மொந்தையில் குமட்டியது. இரண்டாவதில் காது சூடானது. மூன்றாவதைக் கவிழ்த்துக் காட்டியது வரை தெரியும். வீட்டுக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. மாமா தோளில் போட்டுக்கொண்டு பாடியபடி வந்தாராம்.

கணக்கைக் கவனியுங்கள். எவ்வளவு நன்றாக ஞாபகம் வைத்தேனோ அவ்வளவு குடிக்க வேண்டும். மந்தபுத்திக்காரன் அந்தக் கடையில் தப்பித்துவிடுவான். நான் தப்பிக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு சந்தையும் அதுவே ஆனது. என்னைப் பார்த்து ஊரில் மற்ற விடலைகளும் வந்து சேர்ந்தார்கள். என்னோடு சேர்த்து ஐந்து பேர். பெரியவர்கள் சிரித்துக்கொண்டே ஊற்றினார்கள். யார் அதிகம், யார் முதலில் விழுவான் என்று பார்ப்பது அவர்களுக்கு ஒரு வேடிக்கை. பெரியவர்கள் ஒரு மொந்தையை வைத்துக்கொண்டு பேசிப் பேசிப் பொழுது சாய்ப்பார்கள். நாங்கள் ஐந்து பேரும் தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பது போல ஊற்றிக்கொண்டு விழுந்து கிடப்போம். மற்ற நால்வரும் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். அவர்களிடம் என்ன தொலைந்தது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. என்னிடம் தொலைந்ததைக் கணக்கெடுக்க ஒருவன் இருந்தான்.

பூந்தமல்லிக் கடைத்தெருவில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருந்த சாயபுவின் மகன் என் கூடப் படித்தான். பள்ளிக்கூட மணி அடிக்குமுன் குளத்துப் படியில் உட்கார்ந்து அவன் புத்தகத்தை விரித்துப் பிடிப்பான், நான் ஒப்பிப்பேன். பிறகு நான் பிடிப்பேன், அவன் ஒப்பிப்பான். ஒரு பக்கம் பதிய அவன் நான்கு தடவை வாசிக்க வேண்டும். எனக்கு ஒன்று போதும். அதில் அவனுக்குப் பொறாமை கிடையாது. "ஒனக்கு அல்லா குடுத்தது பெரிய பெட்டிடா" என்பான்.

மாசியில் ஒரு காலை, சந்தைக்கு மறுநாள். பொங்கலுக்கு முன் படித்ததெல்லாம் தண்ணீர் மாதிரி வந்தது. அதற்குப் பின் படித்த பாடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

"அடுத்த வரி இன்னா?" என்றான்.

"இரு."

"இன்னாத்துக்கு இரு? முந்தாநாத்து ரெண்டு பேரும் சேந்துதானே படிச்சோம்? புரியலன்னு நான் சொன்னப்போ நீதானே சொல்லிக் குடுத்தே?"

"நானா?"

அவன் புத்தகத்தை மூடிவிட்டு என் முகத்தையே பார்த்தான். "டேய், நேத்து சாயங்காலம் எங்க கடையாண்ட வந்தியே, அதாவது நெனப்பு கீதா?"

இல்லை.

"எங்க அத்தா எதுர நின்னுகினு இங்கிலீஸ்ல பேசினே. பித்தளைக் காம்பஸ எட்த்துக் காட்டினே. ஒன் மேல அடிச்ச வாடையில அத்தா மூக்கப் பொத்திகினாரு. நான் கூப்ட கூப்ட ரோட்டுல நடந்து பூட்டே."

பையைத் துழாவினேன். காம்பஸ் இல்லை. கணக்கு வாத்தியார் தான் மாணவனாக இருந்தபோது வாங்கியதை எனக்குக் கொடுத்திருந்தார். கூரான முனை, காலில் சின்னத் திருகு, பூ வேலை செய்த தலை. யாரிடம் கொடுத்தேன், எந்த வாய்க்காலில் போட்டேன் என்று இன்றுவரை தெரியாது. தூங்கும்போது தொலைத்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். நான் விழித்திருந்தேன், நடந்தேன், இங்கிலீஷ் பேசினேன். அந்தச் சாயங்காலம் முழுக்க அந்தச் சாயபுவிடம் இருக்கிறது. என்னிடம் இல்லை.

"மச்சான், அந்தக் கடைக்குப் போவாதடா. ஒன் பெட்டியில ஓட்ட வியுந்துட்ச்சி" என்றான் தோழன். அழுதுவிடுவான் போலிருந்தது.

இதற்குள் எனக்கே சந்தைக்கு முதல் நாள் வாயில் எச்சில் ஊற ஆரம்பித்திருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

கணக்கு வாத்தியார் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். வாத்தியார் உட்காரவில்லை.

"பரீட்சைக்கு ஒரு மாசம்கூட இல்லை. இவனைக் கள்ளுக்கடைப் பக்கம் கூட்டிக்கிட்டுப் போகாதீங்க."

"இன்னா சார், வெசமா ஊத்துறேன்? ஒங்க புஸ்தகம் ஏத்துற சூட்ட நானு எறக்குறேன். அவ்ளோதான்."

"பெரியவங்க குடிக்கிறது வேற. இது வளர்ற பிள்ளை. படிச்சது எதுவும் இவன்கிட்ட தங்க மாட்டேங்குது."

"எங்கப்பன் பத்து வயசுலேர்ந்து குடிச்சவரு சார். சாவுற வரிக்கும் ஏர் ஓட்னாரு."

"ஏர் ஓட்டினார். பரீட்சை எழுதினாரா?"

மாமா தவிட்டுக் கையை உதறினார். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, "சார் சொல்றதக் கேளு தம்பி" என்றாள்.

"நீ உள்ள போக்கா. தல கொதிக்குதுன்னு மொதல்ல சொன்னது யாரு? நீதானே?"

அம்மா உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு சாகும் வரைக்கும் அவள் யாருக்கும் எந்த வைத்தியமும் சொன்னதில்லை. ஆகவே அவளை நான் விட்டுவிட்டேன்.

வாத்தியார் போனதும் மாமா என் தோளில் கை போட்டார். "ஒரே ஒரு சந்தைடா. ஒன்னப் பாக்கணும்னே நேமத்துலேர்ந்து வரானுங்கோ. பன்னெண்டு வண்டியும் ஒப்பிச்சிக் காட்டு. எதுவும் தங்கலன்னு சொல்ற வாத்தி வாய மூடட்டும். அப்பறம் பரீச்ச முடியற வரிக்கும் நானே ஒன்ன அந்தப் பக்கம் வுட மாட்டேன்."

பரீட்சைக்கு முந்தைய சந்தை அது. காலையிலிருந்து ஒரு சொட்டும் தொடவில்லை. கொட்டகை நிறைய ஆட்கள். நான் கம்பத்தைப் பார்த்து நின்றேன். பன்னிரண்டு குரல்களும் ஒன்றன் பின் ஒன்றாகச் சொல்லி முடித்தன. நான் தொடங்கினேன்.

"திருமழிசை வண்டி, கத்திரிக்கா, ரெண்டும் வெள்ளை. மாங்காட்டு வண்டி, பூக்கூடை, ஒரு செவலை ஒரு மயிலை. நேமத்து வண்டி, வைக்கோல், ரெண்டும் செவலை, ஒண்ணுக்குக் கொம்பு ஒடஞ்சது. குன்றத்தூர் வண்டி, வெறகு, ரெண்டும் மயிலை. கோவூர் வண்டி, வாழத்தாரு, ரெண்டும் செவலை. நசரத்பேட்டை வண்டி, பானை சட்டி, ஒரு வெள்ளை ஒரு கருப்பு."

ஏழாவது வண்டி.

அந்த வண்டிக்காரனின் குரல் இருந்தது. கரகரத்த குரல். அவன் பேசி முடித்துக் காறித் துப்பியதும் இருந்தது. நடுவில் சொன்ன சொற்கள் மட்டும் இல்லை. பல் விழுந்த இடத்தை நாக்கு தடவுவது போலத் தடவிக்கொண்டே நின்றேன். எட்டாவது, ஒன்பதாவது என்று தாவிப் பார்த்தேன். அவையும் இல்லை.

"இன்னா நைனா, மாடு மடக்கிகிச்சா?" என்றது ஒரு குரல்.

"மருமவப்புள்ள வண்டி கொட சாஞ்சிட்ச்சி டோய்!"

அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் திரும்பி மாமாவைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் கடுக்கன் அளவுக்குக் காதும் சிவந்திருந்தது. ஜெயித்த நேமத்து வண்டிக்காரர் முதல் மொந்தையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, எனக்காக இரக்கப்பட்டு இரண்டாவதை என்னிடம் நீட்டினார். மாமா தடுக்கவில்லை. தோற்றவனுக்கும் அன்று கிடைத்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டேன். "ஏழாவது வண்டி இன்னா மாமா?"

"நீயே நெனச்சிப் பாரு. அப்பதான் புத்தி வரும்."

அதற்குப் பிறகு பலமுறை கேட்டேன். ஒருமுறையும் சொல்லவில்லை.

பரீட்சை எழுதப் போனேன். பூகோளத் தாளில் முதல் கேள்வியைப் பார்த்ததும் பக்கம் கண்ணில் தெரிந்தது. இடது பக்கம், மேலிருந்து மூன்றாவது பத்தி. என் மூக்கிலிருந்து விழுந்த மூன்று சொட்டும் அங்கேயே காய்ந்து பழுப்பாகத் தெரிந்தன. எழுத்து இருந்த இடம் மட்டும் வெள்ளை. மை காய்ந்த பேனாவைப் பிடித்தபடி அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் தோழன் இரண்டு வரிசை முன்னால் எழுதிக்கொண்டே இருந்தான். அவன் பிறகு வக்கீல் ஆனான்.

நான் தேறவில்லை. விடுதியில் என் இடம் யாரோ ஒரு பையனுக்குப் போனது. வாத்தியார் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. காம்பஸைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. மாமாதான் பேசினார். "போனா போவுது வுடு. பூமி கீது, மாடு கீது, மாமன் கீறேன். சோத்துக்கு இன்னா கொற?" அடுத்த சந்தைக்கும் கூட்டிப்போனார். இன்னும் இரண்டு பருவம் குடித்தேன். மறுபடியும் பரீட்சை எழுதி மறுபடியும் தோற்றேன். பிறகு நம் ஜில்லாவுக்கு மதுவிலக்கு வந்தது, கொட்டகையைப் பிரித்தார்கள், குடி நின்றது. ஞாபகம் திரும்பி வரவில்லை.

என்னோடு குடித்த நால்வரில் ஒருவன் ஏரியில் விழுந்து செத்தான். இருவர் நாற்பது வயதைப் பார்க்கவில்லை. ஒருவன் கடைசிவரை நன்றாகத்தான் இருந்தான், சந்தோஷமாகவும் இருந்தான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

எனக்கு ஆவடியில் ஒரு டிப்போவில் சரக்கு எண்ணும் வேலை கிடைத்தது. லாரியிலிருந்து பெட்டி இறங்கும். நான் உரக்க எண்ணிச் சுண்ணக்கட்டியால் கோடு போடுவேன். அந்த வேலைக்கு ஞாபகம் தேவையில்லை, கண்ணும் வாயும் போதும். ஓய்வு பெறும் வரை அதையே செய்தேன். இந்த ஆள் ஏன் மின்கம்பம், மாடிப்படி, பெஞ்சு எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டே நடக்கிறான் என்று நீங்கள் கேலி செய்கிறீர்கள். எண்ணாத பொருள் என் தலையில் ஒரு நாழிகைகூட நிற்காது. அதனால்தான்.

பிறகு ஏரிக்கரையை மட்டப்படுத்தி வீட்டுமனை போட வந்தார்கள். பனைகளை வெட்டும் அன்று லீவு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். மாமா ஒரு பக்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் மறுபக்கம் நின்று, நம்பர் போட்ட மரங்கள் விழ விழ எண்ணினேன். நாற்பத்தொன்று. ஒன்றுகூடத் தப்பவில்லை. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

என் பேத்தி டாக்டருக்குப் படிக்கிறாள். போன வருஷம் அவளிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் கேலி செய்யவில்லை.

"அந்த வயசுல மூளை இன்னும் வளர்ந்துகிட்டே இருக்கும் தாத்தா. முழுசா முடியறதுக்கு இருபது வயசைத் தாண்டிடும். அதுக்குள்ள ஒரே மூச்சுல அப்படி ஊத்துனா, புதுசாப் படிக்கிறதைப் பதிய வைக்கிற இடம்தான் ரொம்ப அடி வாங்கும். பழசு இருக்கும், புதுசு ஒட்டாது."

"வாத்தியார் இதைத்தான் சொன்னார். நிறுத்தின பிறகு திரும்ப வருமா?"

"கொஞ்சம் வரும். ஆளுக்கு ஆள் மாறும். உங்களுக்கு எவ்வளவு போச்சுன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

நான் சொல்வேன். ஒரு காலேஜ் போனது. ஒரு காம்பஸ் போனது. ஒரு வண்டி போனது.

மாமாவுக்கு இந்த விளக்கம் கிடைக்கவில்லை. அதற்கு முன்பே போய்விட்டார். ஆனால் அவருக்குக் கிடைக்க வேண்டிய வேறொன்றை என் கையாலேயே கொடுத்தேன்.

அவர் மகளைத்தான் எனக்குக் கட்டிவைத்திருந்தார்கள். நல்லவள். இந்த விஷயம் நடந்தபோது அவள் பொம்மை வைத்து விளையாடும் குழந்தை. மாமா எண்பதைத் தாண்டி, தன் பிள்ளைகளின் பெயர்கள் மறந்து, சாப்பிட்டோமா என்பதும் மறந்த பிறகு, அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவர் தலையில் எல்லா வருஷங்களும் அழிந்து ஒரே ஒரு வருஷம் மட்டும் மிச்சமிருந்தது. அதில் எனக்குப் பதினைந்து வயது. சாயங்காலக் காப்பி குடித்ததும் ஆசையாக என்னைக் கூப்பிடுவார்.

"மருமவனே, பரீச்ச இன்னா ஆச்சு? பாஸா?"

"பெயில் மாமா."

அவர் முகம் விழுந்துவிடும். நிஜமான அதிர்ச்சி. "பெயிலா? ஒன் மண்டைக்கா? எப்டிரா?"

"கள்ளு குடிச்சேன். படிச்சது நிக்கல."

"அய்யய்யோ! எந்தப் பாவிடா ஒனக்கு ஊத்துனது? ஆளக் காட்டு. அவன் கைய ஒடிச்சிப் போடறேன்."

"நீதான் மாமா."

அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தோள் குலுங்க அழுவார். கொஞ்ச நேரத்தில் அத்தனையும் துடைத்துப்போய்விடும். மறுநாள் சாயங்காலம் காப்பி குடித்துவிட்டு, அதே ஆசையோடு மறுபடியும் கேட்பார்.

அவருக்கு அது ஒவ்வொரு முறையும் முதல் முறை. ஒரு குற்றத்துக்கு ஒரு தரம்தான் தண்டிக்கலாம் என்று என் வக்கீல் தோழன் சொல்வான். எனக்கு அந்தக் கட்டுப்பாடு இருக்கவில்லை.

"இன்னாங்க, அவரு எங்கப்பா" என்றாள் மனைவி ஒருநாள், அடுப்படியிலிருந்து வெளியே வராமலே. "பாஸுன்னு ஒரு வார்த்த சொன்னா ஒங்களுக்கு இன்னா கொறஞ்சிடும்?"

"குறையும்" என்றேன்.

எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கேட்பீர்கள். எல்லாவற்றையும் எண்ணுகிறவன் அதை மட்டும் எண்ணவில்லை. எண்ணினால் ஏதாவது ஓர் எண்ணில் போதும் என்று தோன்றிவிடும். அதற்காகவே எண்ணவில்லை.

கடைசியாக ஒரு சாயங்காலம். தெருவில் காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். காப்பி குடித்து முடித்த மாமா டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு எழுந்தார். சுவரைப் பார்த்து நின்றார், முதுகை எனக்குக் காட்டியபடி. அந்தப் பழைய கணீர்க்குரல் எங்கிருந்தோ வந்தது.

"திருமழிசை வண்டி, கத்திரிக்கா, ரெண்டும் வெள்ளை. மாங்காட்டு வண்டி, பூக்கூடை, ஒரு செவலை ஒரு மயிலை."

நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். நேமம், குன்றத்தூர், கோவூர், நசரத்பேட்டை. ஒரு தடங்கலும் இல்லை. பெற்ற பிள்ளைகளின் பெயர் தெரியாத மனிதர்.

"வெள்ளவேட்டு வண்டி, சுண்ணாம்பு, ரெண்டும் கருப்பு."

சுண்ணாம்பு. பானைக்குள் தடவ எனக்கு ஒரு விரல் போதுமாக இருந்தது. அன்று என் முதுகுக்குப் பின்னால் ஒரு வண்டி நிறைய நின்றிருக்கிறது.

அவர் நிற்கவில்லை. எட்டு, ஒன்பது, பத்து என்று பன்னிரண்டு வண்டியும் ஒப்பித்துவிட்டுத் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஜெயிச்சிட்டேன்! பன்னெண்டும் சொல்லிட்டேன்! எங்கடா என் மொந்த?"

என்னிடமிருந்து போனது இத்தனை வருஷமும் அவரிடம் பத்திரமாக இருந்திருக்கிறது. கேட்டபோது கொடுக்காமல் வைத்திருந்து, தனக்கே தெரியாமல் போன பிறகு எடுத்து நீட்டுகிறார். நான் எழுந்தேன். ஸ்டூலில் இருந்த காலி டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்தார். உதட்டிலிருந்து எடுக்காமல், ஒரே மூச்சில், தொண்டை ஏறி இறங்க முழுக்கக் குடித்தார். பழக்கம் மாறாமல் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைத் தோளில் தூக்கிச் சுமந்த அதே பாசத்தோடு பார்த்தார்.

"மருமவனே, பரீச்ச இன்னா ஆச்சு?"

சொன்னேன்.